இது வாசிப்புக்கு அல்ல

பிப்ரவரி 24

தம்பிக்கு,

இது வாசிப்புக்கு அல்ல. வீட்டில் வேறு உறை இல்லை. உன் பாரில் மாசாமாசம் நடக்கிற கதை வாசிப்புக்காக நீ விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, "மாசம் ஒரு கதையாவது எழுதித் தொலை" என்று அனுப்பிவைத்த பன்னிரண்டு உறைகளில் ஒன்றில்தான் இதைப் போடுகிறேன். உறையைப் பார்த்ததும் கதை வந்துவிட்டது என்று குதிக்காதே.

போனில் சொல்லலாம்தான். ஆனால் மூன்றாவது நிமிஷமே நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி.

அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று மறுபடியும் கேட்டாய். நியாயமான கேள்வி. பதில் எழுத உட்காரவே எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

போன வருஷம் அம்மா இங்கே மூன்று வாரம் இருந்தாள். நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தாள். பதில் வராவிட்டால் கதவைத் தட்டினாள். ஒரு பெரியவருக்குப் பல் செட் செய்வதற்காக மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி மேசைமேல் வைத்திருந்தேன். "முன்பல்லு கோணலா இருக்கே" என்று விரலால் தள்ளிச் சரிசெய்துவிட்டாள். அந்த மனுஷருக்கு வாழ்நாள் முழுக்க முன்பல் கோணல். செயற்கைப் பல்லும் அப்படியே கோணலாக வேண்டுமென்று கேட்டு வாங்குகிறவர். இரண்டு நாள் வேலை போயிற்று.

காலையில் காபி கலக்கும்போது கரண்டி கோப்பையில் படாமல் கலக்கக் கற்றுக்கொண்டேன். சத்தம் கேட்டு அவள் எழுந்துவிடக் கூடாதே. என் வீட்டில் என் காபியை நானே திருட்டுத்தனமாகக் குடித்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம், தெரியும். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு நான் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று நீ ஊரில் இல்லை. அம்மாதான் கதவைத் திறந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

போன வருஷம் அவளை ரயிலேற்றிவிட்டு, கடைசிப் பெட்டியும் கண்ணை விட்டுப் போன பிறகு, பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பெற்ற தாய் கிளம்பிப் போனதற்குச் சந்தோஷப்படுகிற ஜென்மம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயம். போன மாதம் போனில் அழுதாயே. "இனிமே அம்மா இங்க இருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்க்கா. எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு. பொய்க்குச் சிரிச்சு சிரிச்சு வாயே வலிக்குது" என்று சொன்னாய். எனக்கு உன்மேல் கோபமே வரவில்லை. அப்பாடா, நான் மட்டும் இல்லை என்றுதான் இருந்தது. அதனால்தான் மேலே உள்ளதையெல்லாம் எழுதத் துணிந்தேன்.

நாலு வருஷம் நீ பார்த்துக்கொண்டாய். மே மாதம் உன் வீட்டில் குழந்தை அழப்போகிறது. பாருக்கு மேலே உனக்கு இருக்கிறதே இரண்டு அறை. அம்மாவை அனுப்பிவை. மெழுகு மேசையை ஜன்னலோரம் தள்ளிவிட்டு முன்னறையில் ஒரு கட்டில் போட்டாயிற்று. பாசம் பொங்கி வழிந்து கூப்பிடவில்லை. அவளுக்கு என்னோடு சண்டை போட வரும், உன்னோடு வராது. சண்டை போட ஆளில்லாமல் அவள் வாடிப்போவதை என்னால் பார்க்க முடியாது.

முதல் பாதியை அவளிடம் சொல்லிவிடாதே. வரச் சொல், போதும்.

அக்கா

---

மார்ச் 6

அக்காவுக்கு,

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். நேற்று நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தால் தூங்கு.

நேற்று மாதத்தின் முதல் புதன், வாசிப்பு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது நாற்காலியும் நிரம்பிவிட்டன. பெட்டி வழக்கம்போல ஐஸ் மெஷின் பக்கத்தில். தபாலில் வந்த உறைகளைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் போட்டிருந்தேன். இந்த விதியெல்லாம் நீயும் நானும் உட்கார்ந்து போட்டதுதான்: எழுதியவர் பேர் கிடையாது, எழுதியவர் படிக்கக் கூடாது, படிப்பவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது, ஏழு நிமிஷம் ஆனால் மணி, அதோடு நிறுத்திவிட வேண்டும். எழுதுகிற எல்லாருக்கும் நான்தான் விலாசம் எழுதிக் கொடுக்கிறேன், உறை எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான். எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

நேற்றுப் படிக்கிற முறை கத்திரியுடையது. தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அந்தக் கட்டைக் குரலில் "இது வாசிப்புக்கு அல்ல" என்று ஆரம்பித்தார். கொல்லென்று சிரித்தார்கள். பன்னிரண்டு உறை என்றதும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ என்னைக் கிண்டல் செய்து கதை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் எந்த மாதம் வராமல் இருந்திருக்கிறாள்? தூண் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியிருந்தவள். மற்றவர்கள் கதை கேட்பதும் அவள் கேட்பதும் ஒன்றல்ல.

மெழுகுப் பல் வந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏழு நிமிஷம் முடிந்தது. மணியடித்தேன். கைதட்டல் ஓயவே இல்லை. ஐஸ்கிரீமைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மாவும் தட்டினாள். மாடிப்படி ஏறும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, "யாரோ தெரியல. நல்லா எழுதியிருக்கா" என்றாள்.

எழுதியிருக்கா. படித்தது ஆண்குரல். எழுதியது ஆணா பெண்ணா என்று காட்டுகிற ஒரு வார்த்தை அதுவரை வரவில்லை. அந்த ஒரு எழுத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று சமையலறைப் பக்கம் வரவில்லை. யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடிக்கிறாள். முதியோர் இல்லத்து நம்பர் இருந்தால் எழுதிக்கொடு என்று என் மனைவியிடம் கேட்டாளாம். ஏழு மாசக் கர்ப்பிணி என் முன்னால் வந்து நின்று அழுகிறாள்.

தாள்களைக் கத்திரியிடமிருந்து பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். மிச்சத்தைப் படிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா வேண்டாம் என்று சொல்ல உனக்கு நாற்பது பேர் தேவைப்பட்டார்களா?

தம்பி

---

மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் பிரித்துத் தொலைத்தேன். கையிலிருந்த ஒரு பல் அச்சு கீழே விழுந்து உடைந்தது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் பல்வலி என்றேன். பல் செய்கிற இடத்தில் இதைவிட நல்ல பொய் கிடைக்காது.

உறை என் தப்பு. முழுக்க முழுக்க என் தப்பு. பிரிக்காமல் பெட்டியில் போடுவாய் என்று தெரிந்தவள் நான். தெருவில் இறங்கி வேறு உறை வாங்கச் சோம்பல்பட்டேன். அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அம்மா கைதட்டினாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி உன் தப்பு.

எதையும் பழைய தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு நல்ல தாளில் எழுதுகிறவள் நான். அந்தப் பின்தாள் இங்கேதான் இருக்கிறது. நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அச்சு மாவு இறுகுவதற்கு வைக்கிற டைமரை முன்னால் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். கத்திரியைப் போல நிறுத்தி நிதானமாகத்தான் படித்தேன். கடைசி வரி வரை ஐந்தரை நிமிஷம். ஐஸ்கிரீம் வரை நாலு நிமிஷம்கூட இல்லை. சிரிப்புக்கு ஒரு நிமிஷம் சேர்த்துக்கொள். அப்படியும் உன் ஏழு வரவில்லை.

"இப்போது உன் விஷயம்" என்று கத்திரி ஆரம்பித்ததும் மணியடித்தாய். இல்லையென்று சொல், பார்க்கலாம்.

மூன்றாம் பக்கத்தைப் படித்தாயா? டிராயரைத் திற. அம்மாவை அனுப்பிவை, கட்டில் போட்டாயிற்று என்று அதில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் நீ போனில் அழுததையும் எழுதியிருக்கிறேன். நாற்பது பேருக்கு முன்னால் அம்மாவுக்கு இருந்தது ஒரு கெட்ட பிள்ளை, ஒரு நல்ல பிள்ளை. கெட்டது யார் என்று தீர்மானித்தது நீ. அதுவும் ஒரு விரலால்.

கடிதத்தை அவளிடம் கொடு. மூன்று பக்கத்தையும் கொடு. நான் கெட்டவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வா என்று கூப்பிட்ட கெட்டவள் என்பது அவளுக்குத் தெரியட்டும்.

அக்கா

---

மார்ச் 17

அக்காவுக்கு,

படித்தேன். கீழே, சரக்கு வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்ததும் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டாள். தூசி என்றேன். நீ பல்வலி, நான் தூசி. நல்ல குடும்பம்.

நாலரை நிமிஷம் இருக்கும். நீ சொன்னதுதான்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வரியிலேயே உன் கடிதம் என்று தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து, "மன்னிக்கணும், இது தப்பா வந்துடுச்சு" என்று சொல்லித் தாளை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. முதலில் சிரிப்பு நன்றாக இருந்தது. அப்புறம் அறை அப்படியே அடங்கிப்போனது. இந்த மூன்று வருஷத்தில் அப்படி ஒரு அமைதி அங்கே வந்ததில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. நாலு வருஷமாக நான் சொல்ல முடியாமல் விழுங்கியதையெல்லாம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது அக்கா. கேவலம்தான், ஆனால் குளிர்ந்தது.

கத்திரி தாளைத் திருப்பினார். "இப்போது உன் விஷயம். போன மாதம் போனில்" என்றார். மணி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏற்கெனவே கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. ஏழு நிமிஷம் என்று உனக்கு எழுதியபோது அதை நானே நம்பிவிட்டேன்.

கடிதத்தை அவளிடம் கொடுக்க என்னால் முடியாது. மூன்றாம் பக்கம் போக வேண்டுமென்றால் நடுவில் நான் நிற்கிறேன். யோசித்துப் பார். உன்மேல் அவளுக்கு ஏற்கெனவே வருத்தம். என்னைப் பற்றியும் தெரிந்துவிட்டால் அவளுக்கு யார் மிச்சம்? என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேன் என்று நினைப்பாய். அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

ஒரு உதவி செய். அம்மாவுக்கே நேரே ஒரு கடிதம் எழுது. கட்டில், ஜன்னல், சண்டை போட நான் இருக்கிறேன், எல்லாம் எழுது. புதுத் தேதி போடு. அழுகையை மட்டும் விட்டுவிடு. அவள் வந்துவிடுவாள், அக்கா. எனக்குத் தெரியும்.

சீக்கிரம் எழுது. சனிக்கிழமை அந்த இல்லத்தைப் பார்க்கப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். "உனக்குக் கடை இருக்குப்பா" என்றாள். என்னிடம் "ப்பா" போட்டுப் பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை.

தம்பி

---

ஏப்ரல் 3

தம்பிக்கு,

அம்மாவைக் காணோம் என்று அன்று நீ போனில் கத்தியபோது "இங்கதான் இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மீதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ கேட்டபடி எழுதினேன். உன்மேல் பரிதாபமாக இருந்தது. புதுத் தேதி போட்டு, கட்டிலையும் ஜன்னலையும் வைத்து, உன்னை எடுத்துவிட்டு ஒரு பக்கம். உறையில் போட்டு, ஒட்டி, "அம்மாவுக்கு" என்று எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம்.

ஒரே ஒரு பை. இல்லத்தைப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, நேரே ரயில் ஏறியிருக்கிறாள். உள்ளே வந்தாள், உட்காரவில்லை. பையைக் கையிலிருந்து இறக்கவும் இல்லை.

"நான் தங்க வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். வண்டி கிளம்பினப்புறம்தான் மூச்சு வந்துதுன்னு எழுதியிருந்தியே, அது நிஜமா, இல்ல கதைக்காக எழுதினியா?"

கதைக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே எனக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தாள்.

"நிஜம்தாம்மா."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. வண்டி கிளம்பினதும் காலை நீட்டி உக்காந்து ஒரு தூக்கம் தூங்கினேன் பாரு, மூணு வாரத்துல அப்படித் தூங்கல" என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. மேசைமேல் இருந்த உறையைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நிறுத்தின இடத்துக்கு அப்புறம் உள்ளதா?"

"ஆமாம்."

கையில் எடுத்தாள். பிரிக்கவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "முழுசா எழுதியிருக்கியா, இல்ல அவனை எடுத்துட்டு எழுதியிருக்கியா?"

உறையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. அவள்தான் பேசினாள். "முப்பது வருஷம், டிரங்க் காலை மூணு நிமிஷம் மூணு நிமிஷமா எண்ணி லைனை வெட்டினவ நான். எனக்குக் கடிகாரமே வேண்டாம். அவன் அந்த மணியை ஒரு மாசம்கூட ஏழுக்கு முன்னாடி அடிச்சதில்ல. மொக்கைக் கதை படிச்சாக்கூட ஏழு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். அன்னிக்கு நாலரைல அடிச்சான். உன்னைப் பத்தினது எல்லாம் முடிஞ்சு, 'இப்போது உன் விஷயம்'னு கத்திரி ஆரம்பிச்சதும் அடிச்சான். அப்புறம் எதுக்கு எனக்கு மீதிக் கடுதாசி?"

நாம் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நீயும் நானும்.

"நீ இங்கேயும் வேணாம்னு உனக்குத் தெரியும், அங்கேயும் வேணாம்னு தெரியும். அப்புறம் ஏம்மா இங்க வந்தே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நீ சொல்லிட்டே. சொன்னவகூட இருக்கலாம். சொல்லாதவன்கூட எப்படி இருக்கிறது? அவன் சிரிக்கிறப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

இதை உனக்கு எழுத எனக்கு மனசே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்தப் பதினோரு நாளில் மூன்று பெரிய சண்டை வந்துவிட்டது. என் அலமாரியைக் கலைத்து அவள் இஷ்டத்துக்கு அடுக்கினாள், கத்தினேன், அவளும் பதிலுக்குக் கத்தினாள். என் மூச்சு சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. இது எத்தனை மாதம் ஓடும் என்று எனக்கே தெரியாது. நான் ஒன்றும் திடீரென்று நல்லவளாகிவிடவில்லை.

அவளுக்கு உன் குழந்தையைப் பார்க்க வேண்டும். வாயால் சொல்லவில்லை. மே மாதம் எந்தத் தேதி என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உன் வீட்டுக்குப் போவாயா என்று கேட்டால் அலமாரியைத் துடைக்கப் போய்விடுகிறாள். நீ சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தால் அவள் உள்ளே வரமாட்டாள், தம்பி. பேரப்பிள்ளை இருந்தாலும் வரமாட்டாள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். "புள்ள பொறக்கப்போற வீடு, அவன் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். நான் சொல்லிவிட்டேன். நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் இப்படி இல்லை.

நேற்று உன் வாசிப்பு நடந்திருக்கும். தூண் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தார்களோ தெரியாது. அடுத்த புதன் வரை காத்திருக்காதே. கடையை ஒருநாள் பூட்டிவிட்டு வா. டிராயரில் இருக்கும் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு வா. அம்மாவை உட்காரவைத்து, முதலிலிருந்து நான் படிக்கிறேன். "இப்போது உன் விஷயம்" என்று வந்ததும் தாளை உன்னிடம் கொடுத்துவிடுவேன். அதை நீ படி.

அக்கா